சேறு, சரளை, முள், தார்: செட்டிநாட்டில் ஓடுகிறவர்களுக்கு ஒரு டிரெயில் ஷூ வழிகாட்டி

மண்பாதையிலும் கல்லிலும் ஓடுவதற்கென்றே செய்த டிரெயில் ஷூ பற்றி இணையத்தில் கிடைக்கிற விமர்சனங்கள் பெரும்பாலும் ஆல்ப்ஸ் மலையிலோ இங்கிலாந்தின் ஈரப்புல் சரிவுகளிலோ ஓடிப் பார்த்து எழுதியவை. அங்கே சேறு என்றால் குளிர்ந்த, ஆழமான, புல்வேர் கலந்த சதுப்பு. காரைக்குடியிலிருந்து எந்தத் திசையில் ஓடினாலும் நமக்குக் கிடைப்பது வேறு. முதலில் தார் ரோடு, அப்புறம் செம்மண் சரளை, அதைத் தாண்டினால் கண்மாய்க்கரை, கரையை ஒட்டிக் கருவக்காடு. ஐப்பசி, கார்த்திகையில் இவை அத்தனையும் ஒரே காலையில் நனைந்து கிடக்கும்.

அதனால் "சேற்றுக்கு நல்ல ஷூ எது?" என்று கேட்டு வாங்குகிறவர்கள் பலர் அடி ரப்பரில் ஆழமான பல் வைத்த ஷூவை வாங்கி, அதைத் தார் ரோட்டிலேயே தேய்த்து முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த ஊருக்கு முதலில் பார்க்க வேண்டியது முள், அடுத்தது அளவு, அதற்கடுத்ததுதான் பல். கடையிலும் விளம்பரத்திலும் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். ஆனால் இந்த மூன்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குக் காசு செலவில்லை.

1. உங்கள் வழியைக் கணக்கெடுங்கள்

வாரத்தில் அதிகம் ஓடுகிற வழியை ஒருநாள் நடந்தே போய்ப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது. தூரம் காட்டும் செயலியைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு, தரை மாறுகிற இடங்களில் எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். தாரும் சிமென்ட் ரோடும் எவ்வளவு, சரளை எவ்வளவு, கண்மாய்க்கரை எவ்வளவு, வரப்பு எவ்வளவு, பாறை எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள்.

10 கிலோமீட்டர் வழி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஊரைத் தாண்டும்வரை 3 கி.மீ. தார், பிறகு 4 கி.மீ. சரளை வண்டிப்பாதை, 2 கி.மீ. கரை, 1 கி.மீ. கண்மாய் உள்வாய்க்குள், அதாவது தண்ணீர் நிற்கிற உட்பகுதிக்குள், இறங்கிப் போகிற பாதை. இதில் உண்மையான சேறு கடைசி ஒரு கிலோமீட்டர்தான், அதுவும் மழை மாதங்களில் மட்டும். அந்த ஒரு கிலோமீட்டருக்காக ஷூ வாங்கினால் மற்ற ஒன்பதிலும் கால் கஷ்டப்படும். ஒன்பதுக்கும் வாங்கிவிட்டு, அந்த ஒன்றில் வேகத்தைக் குறைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

தார் பாதிக்கு மேல் இருந்தால் உங்களுக்குத் தேவை ரோட்டுக்கும் பாதைக்கும் பொதுவாகச் செய்த ஷூ. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் முழு டிரெயில் ஷூவுக்குப் போகலாம். இடையில் இருப்பவர்கள் முழங்காலையும் பணப்பையையும் கேட்டு முடிவு செய்ய வேண்டியதுதான்.

கணக்கெடுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: மழை விட்டு ஒரு வாரம் கழித்து அந்தத் தரை எப்படி இருக்கிறது? கரையோரச் சேற்றில் மாடுகள் இறங்கிப் போன குளம்புத் தடம் வெயிலில் காய்ந்து அப்படியே இறுகிவிடும். கணுக்கால் பிசகுவது சேறு நிறைந்த கார்த்திகையைவிட இந்தக் காய்ந்த தடங்கள் நிறைந்த தையிலும் மாசியிலும்தான் அதிகம். ஷூ அந்த மாதங்களுக்கும் சேர்த்துத்தான்.

2. எந்தச் சேறு?

வழியில் நாலைந்து இடங்களில் ஈர மண்ணை ஒரு பிடி எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக் கயிறு மாதிரி உருட்டிப் பாருங்கள். மெல்லிய திரியாக நீண்டு, உடையாமல் வளைந்தால் அது களி. உருட்டும்போதே உதிர்ந்தால் மணலும் சரளையும் கலந்தது. விவசாயிகள் கையால் மண் பார்ப்பது இப்படித்தான். ஷூ வாங்கவும் அதே சோதனை போதும்.

செட்டிநாட்டில் இரண்டும் உண்டு, இரண்டும் வழுக்கும், ஆனால் வழுக்குகிற காரணம் வேறு.

மேட்டுப் புஞ்சையும் பொட்டலும் செம்மண். அடியில் செம்புறாங்கல், அதாவது ஊருணிச் சுவர்களில் நாம் பார்க்கிற அதே துளைத் துளையான கல். மழை பெய்தால் மேலே விரற்கடைகூட இல்லாத ஒரு குழம்புப் படலம் நிற்கும், அதற்குக் கீழே தரை இறுக்கமாகவே இருக்கும். இங்கே நீளமான பல் உதவாது. பல் இறங்க இடமே இல்லை, பல்லின் நுனியில் நின்று தள்ளாடுவீர்கள். கூர்மையான விளிம்புள்ள சின்னப் பல் நிறைய இருந்து, படலத்தைக் கிழித்து அடித்தரையைத் தொட்டால் போதும்.

கண்மாய் உள்வாயும் நஞ்சையும் வண்டல் களி. இது ஒட்டும். நாலு எட்டு வைத்ததும் பல்லுக்கு நடுவே மண் அடைத்து, அடிப்பாகம் தட்டையாகி, பல் இல்லாத ஷூவுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லாமல் போகும். போதாததற்கு ஒவ்வொரு காலிலும் மண் பாரம். இங்கே ஆழத்தைவிட முக்கியம் பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி. இடைவெளி அகலமாக இருந்தால் ஓடும்போது அடிப்பாகம் வளைந்து நிமிரும் அசைவிலேயே மண் உதிர்ந்துவிடும்.

நடவுக்கு உழுது போட்ட தொளி வயலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் எந்த ஷூவும் எடுபடாது, காலோடு ஷூவையும் உருவி எடுத்துக்கொள்ளும். நடவு நடுகிறவர்கள் வெறுங்காலோடு இறங்குவதற்குக் காரணம் இருக்கிறது: விரல்கள் விரிந்து கொடுப்பது போல் ரப்பர் கொடுக்காது. அதைவிட முக்கியம், அடுத்தவர் நாற்றங்காலையும் வரப்பையும் மிதித்து உடைத்துவிட்டு ஓடுவது நமக்கு அழகில்லை.

3. பல்லின் ஆழம், இடைவெளி, திசை

அடிப்பாகத்தில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளைத்தான் பல் என்கிறேன். கடையில் லக் என்பார்கள். இதன் ஆழம் மில்லிமீட்டரில் சொல்லப்படும், ஷூவின் விவரப் பக்கத்திலேயே இருக்கும்.

2 முதல் 3 மி.மீ. வரை தார் அதிகமாக உள்ள வழிக்கு. 3.5 முதல் 4.5 மி.மீ. வரை கலப்புத் தரைக்கு. 5, 6 மி.மீ. நிஜமான சேற்றுக்கு. 8 மி.மீ. என்பது இனோவ்-8 நிறுவனத்தின் மட்கிளா போன்ற தனிச் சேற்று ஷூக்களில் வருவது. பிரிட்டனின் மலைச் சதுப்புகளில் பந்தயம் ஓடுகிறவர்களுக்காகச் செய்தது. நம்மூரில் அதைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் இறங்குவது, நடவுக்கு மாட்டிய கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரத்தோடு டிராக்டரைத் தேவகோட்டை ரோட்டில் ஓட்டிப் போவதற்குச் சமம். ரோடும் கெடும், சக்கரமும் கெடும்.

பல் நீளமாக இருந்தால் தாரில் ஏன் சரிப்படாது என்றால், தரையைத் தொடுகிற பரப்பு குறைந்துவிடுகிறது. எடை முழுவதும் சில கட்டைகளின் நுனியில் இறங்குகிறது. அவை அங்குமிங்கும் நெளிகின்றன, வேகமாகத் தேய்கின்றன. சேற்றைப் பிடிப்பதற்காக ரப்பரை மென்மையாக வைத்திருந்தால் தேய்மானம் இன்னும் கூடும்.

நம் கலப்புத் தரைக்கு என் சிபாரிசு 4 மி.மீ. பக்கம். கண்மாய் உள்வாயில் அதிகம் ஓடுகிறவர்கள் மட்டும் 5-க்குப் போகலாம். எந்த ஆழமானாலும் ஷூவைத் திருப்பிப் பிடித்து, இரண்டு பல்லுக்கு நடுவே சுண்டுவிரல் நுனியை வைத்துப் பாருங்கள். விரல் தாராளமாக இறங்கினால் களியை உதறும். இறங்காவிட்டால் அது சரளைக்கு மட்டும்தான் லாயக்கு.

திசையையும் பாருங்கள். அம்பு முனை மாதிரி உள்ள பற்கள் முன்பாதத்தில் ஒரு பக்கமும் குதிகாலில் எதிர்ப்பக்கமும் பார்த்திருக்க வேண்டும். முன்னது ஏறும்போது உந்துவதற்கு, பின்னது இறங்கும்போது பிடித்து நிறுத்துவதற்கு. கண்மாய்க்கரையின் உட்சரிவில் மழையில் இறங்கியவர்களுக்குக் குதிகால் பிடிப்பின் அருமை தெரியும். அடிப்பாகத்தின் இரு ஓரங்களிலும் பல் விளிம்புவரை வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கரை ஒருபக்கம் சாய்ந்திருக்கும்போது ஓரப் பல்தான் தாங்கும்.

4. ரப்பர்

மண்ணில் பல் முக்கியம், கல்லில் ரப்பர் முக்கியம். பிரான்மலைப் படிகளிலோ ஊருணிப் படித்துறையிலோ ஈரத்தில் கால் வைக்கும்போது பல்லின் ஆழத்தால் எந்தப் பயனும் இல்லை. கல்லை ஒட்டிப் பிடிக்கிற மென்மையான ரப்பர்தான் வேண்டும்.

இந்த விஷயத்தில் நெடுங்காலப் பெயர் இத்தாலியின் வைப்ரம். விட்டாலே பிரமானி என்ற மலையேறி 1935-ல் ஒரு விபத்தில் தன்னோடு வந்தவர்களில் ஆறு பேரை இழந்தார். பொருந்தாத காலணிகளும் அதற்கு ஒரு காரணம் என்று நினைத்தவர், 1937-ல் பல் வைத்த ரப்பர் அடிப்பாகம் ஒன்றை உருவாக்கினார். அவருடைய பெயரின் சுருக்கம்தான் வைப்ரம். இப்போது பல நிறுவனங்கள் இதன் மெகாகிரிப் என்ற ரப்பரை வாங்கித் தங்கள் ஷூவில் ஒட்டுகின்றன, ஈரக்கல்லில் நன்றாகவே பிடிக்கும். சாலமன் தன் ரப்பரைக் கான்டாகிரிப் என்ற பெயரில் தானே செய்கிறது. அடிடாஸ் டெரெக்ஸ் வகைகளில் பலவற்றில் கான்டினென்டல் டயர் நிறுவனத்தின் ரப்பர் இருக்கும்.

கடையில் பெருவிரல் நகத்தால் ஒரு பல்லை அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சம் பதிந்து, எடுத்ததும் தடம் மறைந்தால் மென்மையானது. பிளாஸ்டிக் மாதிரி வழுக்கினால் அது நாள்படத் தாங்கும், ஆனால் ஈரக்கல்லில் நம்ப முடியாது.

எந்த ரப்பருக்கும் ஓர் எல்லை உண்டு. கண்மாய் நிறைந்தால் வழிகிற கலிங்கில் பாசி பிடித்திருந்தால் மெகாகிரிப்பும் வழுக்கும், மாட்டுவண்டி டயரும் வழுக்கும். அங்கே இறங்கி நடங்கள்.

5. முள்: இதில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஆல்ப்ஸ்காரர்கள் எழுதாத பகுதி இது. கண்மாய்க்கரை, வரத்துக்கால், ரயில்வே லைன் ஓரம் என்று எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேல். கரிமூட்டத்துக்கு வெட்டுகிறவர்கள் கட்டையை எடுத்துக்கொண்டு கவட்டைகளைப் போட்டுவிட்டுப் போவார்கள். மழையில் அது மண்ணுக்குள் அமுங்கி, முள் மேல்நோக்கி நிற்கும். ரப்பர்ச் செருப்பில் குத்தி மேலே வருகிற அந்த முள்ளுக்கு, பஞ்சு மாதிரி மென்மையான ஷூவின் நடுப்பாகம் ஒரு தடையே இல்லை. ஓடும்போது கால் நடையைவிட அதிக விசையோடு தரையில் இறங்குவதால், நடக்கிறவரைவிட ஓடுகிறவருக்கு ஆழமாக ஏறும்.

இதற்குத் தீர்வு ராக் பிளேட். அடி ரப்பருக்கும் நடுப்பாகத்துக்கும் இடையே வைக்கிற மெல்லிய, வளையக்கூடிய பிளாஸ்டிக் தகடு. கூர்மையான கல் உறுத்தாமல் இருப்பதற்காக வைத்தது, நமக்கு முள்ளைத் தடுக்கிறது. சில ஷூக்களில் தகட்டுக்குப் பதிலாக நெய்த துணி அடுக்கு இருக்கும். கல்லுக்கு அது போதும், முள்ளுக்குத் தகடுதான் எனக்கு நம்பிக்கை. பெரும்பாலான ஷூக்களில் தகடு முன்பாதத்துக்கு மட்டும்தான், குதிகாலுக்கு வராது. முன்பாதத்திலேயே முழு அகலத்துக்கும் வருகிறதா, நடுவில் ஓட்டை ஓட்டையாக விட்டிருக்கிறார்களா என்பதைத் தயாரிப்பாளரின் படத்தில் பார்க்கலாம்.

தகடு இருக்கிறதா என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருப்பது சகஜம். "இருக்குண்ணே, எல்லாம் இருக்கு" என்பார். ஷூவின் முன்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து மேல்நோக்கி மடக்குங்கள். தகடு உள்ளது சற்று எதிர்த்து, விட்டதும் சட்டென்று நிமிரும். இல்லாதது துணி மாதிரி மடங்கும்.

ஷூவின் அடியில் ஏறிய முள்ளை அன்றைக்கே இடுக்கியால் பிடுங்கிவிடுங்கள். வெளியே ஒடிந்து உள்ளே மிச்சம் இருந்தால், ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து ஒருநாள் பாதத்தைத் தொடும். உள்ளட்டையை எடுத்துவிட்டு விரலால் உள்ளே தடவிப் பார்ப்பது வாரம் ஒருமுறையாவது நல்லது. காலிலேயே ஏறி ஒடிந்துவிட்டால் வீட்டு வைத்தியத்தோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நெருஞ்சி இவ்வளவு ஆபத்தில்லை, பல்லில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும், அவ்வளவுதான். ஒட்டுப்புல் விதைகள் சாக்ஸில் ஏறிக் கணுக்காலை அறுக்கும். அதற்கு ஷூவின் வாயை மூடுகிற கெய்ட்டர் என்ற துணி உறை இருக்கிறது. மார்கழியில் கரை முழுக்கப் புல் முற்றி நிற்கும் சமயத்தில் அது இருந்தால் நிம்மதி.

"பழனிக்கு வெறுங்காலில் நடக்கிற ஊரில் இருந்துகொண்டு முள்ளுக்குப் பயப்படுகிறாயா?" என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். தைப்பூசப் பாதயாத்திரை ரோட்டோரமாக, கூட்டத்தோடு, நடந்து போவது. கருவக்காட்டுக்குள் ஓடுவது வேறு.

6. மேல்துணியும் தண்ணீரும்

தண்ணீர் புகாத கோர்-டெக்ஸ் படலம் வைத்த ஷூ செட்டிநாட்டுக்குத் தேவையில்லை. குளிர் நாட்டில் அது காலைச் சூடாக வைத்திருக்கும், நமக்கு அந்தக் கவலை இல்லை. கணுக்கால் அளவு தண்ணீரில் இறங்கினால் மேல்வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும், அப்புறம் அந்தப் படலமே அதை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும். காய்வதற்கும் நாளாகும். விலையும் கூடுதல்.

சாதாரண வலைத்துணி போதும். ஆனால் வலை நெருக்கமாக இருக்க வேண்டும். பெரிய கண் உள்ள வலையில் களிமண் நீர் உள்ளே புகுந்து, தண்ணீர் மட்டும் வெளியே போய், மணல் உள்ளேயே தங்கிக் கொப்புளம் உண்டாக்கும். நாக்கு இரு பக்கமும் உள்துணியோடு தைக்கப்பட்டிருந்தால் அந்த வழியாகவும் மண் போகாது. விரல் முனையில் ரப்பர் மூடி அவசியம், செம்புறாங்கல் முண்டுகளில் இடித்தால்தான் அதன் மதிப்பு தெரியும்.

சாக்ஸ் பருத்தியில் வேண்டாம். நனைந்தால் ஊறி, மடிந்து, தோலை உரிக்கும். பாலியெஸ்டர் கலந்த விளையாட்டுச் சாக்ஸ் போதும்.

7. அளவு

சின்ன வயதில் வெறுங்காலோடும் ரப்பர்ச் செருப்போடும் வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் அகலமாக இருக்கும், விரல்கள் விரிந்திருக்கும். வெளிநாட்டு ஷூ அச்சுகள் பல குறுகலானவை. ஒரு சைஸ் பெரிதாக எடுத்து இதைச் சமாளிப்பவர்கள் அதிகம். நீளம் கூடிவிடும், அகலம் பெரிதாகக் கூடாது, குதிகால் தளரும், சேற்றில் ஷூ காலைவிட்டுக் கழன்று வரும். அகலப் பிரச்சினைக்கு அகல அச்சுதான் விடை. ஆண்களுக்கான ஷூவில் D என்பது வழக்கமான அகலம், 2E அகலமானது, 4E இன்னும் அகலமானது. ஆல்ட்ரா, டோப்போ போன்றவற்றின் முன்பாதம் பாதத்தின் வடிவத்திலேயே விரிந்திருக்கும்.

சாயங்காலம் அளவெடுங்கள், பகல் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். தரையில் வெள்ளைத் தாளை வைத்து, அதன் மேல் முழு எடையோடு நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிலும் வரைந்துகொள்ளுங்கள். இரண்டு காலையும் வரையுங்கள், ஒன்று பெரிதாக இருப்பது சாதாரணம். பெரிய காலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கடைக்குப் போகும்போது ஷூவின் உள்ளட்டையை உருவி அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் கோடு அட்டைக்கு வெளியே போனால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி.

நீளத்தில், நின்றபடி மிக நீண்ட விரலுக்கு முன்னால் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். நீண்ட விரல் எல்லாருக்கும் பெருவிரல் அல்ல, சிலருக்கு இரண்டாம் விரல். இறக்கத்தில் பாதம் முன்னால் சரியும்போது இந்த இடம்தான் நகத்தைக் காப்பாற்றும். கடையில் படிக்கட்டு இருந்தால் வேகமாக இறங்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் குதிகாலைத் தரையில் ஊன்றி, விரல் பக்கமாக ஷூவைத் தள்ளிப் பாருங்கள். நகம் முட்டக் கூடாது.

குதிகால் அசையக் கூடாது. கொஞ்சம் அசைந்தால் கடைசி இரண்டு ஓட்டைகளைப் பயன்படுத்துங்கள். ஷூவின் வாயருகே தனியாக ஓர் ஓட்டை இருப்பதைப் பலர் விட்டுவிடுவார்கள். அதற்குள் கயிற்றை அதே பக்கத்திலேயே நுழைத்து ஒரு சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டினால் குதிகால் பூட்டினது போல் உட்காரும். அப்படியும் தூக்கினால் வேறு ஷூ பாருங்கள்.

ஓடும்போது போடுகிற சாக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். இந்திய ஷூக்களில் பெரும்பாலும் யூகே எண்தான் சொல்வார்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். பெட்டியில் உள்ள சென்டிமீட்டர் எண்ணை நம்புவது மேல்.

8. உயரமும் டிராப்பும்

குதிகால் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் டிராப். 0 முதல் 10 மி.மீ. வரை வரும். இப்போது போடுகிற ஷூவுக்கு அருகில் இருப்பதை எடுங்கள். 10-லிருந்து சட்டென்று 0-க்கு இறங்கினால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் வலிக்கும், வாரக் கணக்கில் பழக்க வேண்டும்.

மெத்தை உயரமான ஷூ தாரில் சுகமாக இருக்கும். காய்ந்த குளம்புத் தடத்தில் அதே உயரம் கணுக்காலைப் புரட்டும். பள்ளமும் மேடுமான கரையில் அதிகம் ஓடுகிறவர்கள் தணிந்த, அடி அகலமான ஷூவைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

9. பேரும் விலையும்

ஒவ்வொரு பதிப்பிலும் விவரம் மாறும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு சில பெயர்கள். சாக்கனி பெரெக்ரின்: 5 மி.மீ. பல், 4 மி.மீ. டிராப், கலப்புத் தரைக்கு நல்ல தேர்வு, பதிப்பைப் பார்த்து உள்ளே என்ன தடுப்பு என்று கேளுங்கள். ஹோகா ஸ்பீட்கோட்: வைப்ரம் மெகாகிரிப், 5 மி.மீ. பல், மெத்தை அதிகம். நீண்ட தூரத்துக்கும் பாறைக்கும் சுகம், குளம்புத் தடத்தில் எனக்குப் பிடிக்காது. சாலமன் ஸ்பீட்கிராஸ்: ஆழமான அம்புப் பல், 10 மி.மீ. டிராப், மென்மண்ணில் அபாரம், அச்சு குறுகல், தார் கூடாது. ஆல்ட்ரா லோன் பீக்: டிராப் இல்லை, விரலுக்கு இடம் தாராளம். நைக்கி பெகாசஸ் டிரெயில்: தார் அதிகமுள்ளவர்களுக்கு.

இவற்றில் பல 10,000 ரூபாயைத் தாண்டும், சில 15,000-ஐயும். முதல் ஜோடிக்கு அவ்வளவு வேண்டியதில்லை. டெக்கத்லானின் சொந்தத் தயாரிப்புகளிலும் ஆசிக்ஸின் குறைந்த விலை டிரெயில் வகைகளிலும் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். சரளைக்கும் கரைக்கும் அவை போதும், ராக் பிளேட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் போட்டுப் பார்க்க வகை குறைவு. மதுரைக்கோ திருச்சிக்கோ வேறு வேலையாகப் போகும்போது பெரிய கடையில் இரண்டு மூன்று ஜோடி போட்டுப் பார்த்து அளவை முடிவு செய்துகொண்டு வாருங்கள். அந்த அளவு தெரிந்தபிறகு இணையத்தில் பழைய பதிப்பை வாங்கினால் காசு மிச்சம். புதிய பதிப்பு வந்ததும் பழையது விலை இறங்கும், நிறம் ஒன்றுதான் நம் விருப்பத்துக்குக் கிடைக்காது.

வாங்க ஏற்ற நேரம் புரட்டாசிக்கு முன். காய்ந்த தரையில் சில வாரம் பழகிய ஷூவோடு மழைக்குள் போகலாம்.

10. வாங்கி வந்த பிறகு

முதலில் வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் போட்டு நடங்கள். உரசினால் திருப்பிக் கொடுக்கலாம், மண் பட்டால் எடுக்க மாட்டார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் புது ரப்பர் கோடு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆச்சியிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதே காரணத்தால் சேற்று ஷூவுக்கு இடம் திண்ணைக்கு வெளியேதான். வெளியே வைத்ததைப் போடும்முன் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள், மழைக்காலத்தில் தேள் ஈரமில்லாத மூலை தேடும்.

முதல் ஓட்டங்களைச் சரளையில் வைத்துக்கொண்டு, பிறகு கரைக்குப் போங்கள். விடிந்து வெளிச்சம் வந்தபின் கரையில் ஏறுங்கள், விரியன் உலவுகிற இடம் அது. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தின் கண்மாய்க்கரைகளைச் சீசனில் விட்டுவிடலாம். பறவைக்காகத் தீபாவளி வெடியைக்கூட விட்டுவிட்ட ஊர்க்காரர்கள் அங்கே இருக்கிறார்கள்.

சேற்றில் ஓடி வந்த அன்றைக்கே ஷூவைக் கழுவிவிடுங்கள். களிமண் காய்ந்தால் வலைத்துணியின் இழைகளை அறுக்கும், ஒட்டுப்பசையையும் இழுக்கும். பழைய பல் பிரஷ்ஷும் பச்சைத் தண்ணீரும் போதும். வாஷிங் மெஷின் வேண்டாம். உள்ளட்டையை எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காற்றாட வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும், அதைவிடச் சீக்கிரம் பசை விட்டுப் பிரியும். தாளை ஒருமுறை மாற்றினால் மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும். காலில் கீறலோ புண்ணோ இருக்கும்போது வயல் தண்ணீரில் இறங்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். ஓடி முடித்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவிவிடுங்கள்.

நடுப்பாகத்தின் மெத்தை பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். கலப்புத் தரையில் அதற்கு முன்பே முன்பாதத்துப் பல் தேய்ந்துவிடும். பல் பாதியாகக் குறைந்ததும் அந்த ஜோடியைச் சேற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். கோடையில் தாருக்கும் சரளைக்கும் அது இன்னும் சில மாதம் உழைக்கும். மேல்துணி ஓரத்தில் பிரிந்தால் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து நைலான் நூலில் தைத்துக்கொள்ளலாம். ராக் பிளேட் உடைந்து உள்ளே நெறுக் நெறுக்கென்று சத்தம் கேட்டாலோ, முள் ஏறிய துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தாலோ தைத்துப் பயனில்லை, அடுத்த ஜோடி பார்க்க வேண்டியதுதான்.